கோழிக்கறிக் கூடத்தில் பெட்ரிஃபிலிம்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கறிக்கோழி வெட்டி ஓட்டல்களுக்கும் பெங்களூருக்கும் அனுப்பும் சிறிய கூடங்களுக்குக் கிருமிப் பரிசோதனை என்றாலே அலைச்சல்தான். தருமபுரிக்காரர் மாதிரியோடு தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போக வேண்டும், ஓசூர்க்காரர் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் பெங்களூர் போக வேண்டும். அறிக்கை கைக்கு வருவதற்குள் அந்தக் கறி வெந்து, தின்று, செரித்தும் போயிருக்கும். அதனால் "கூடத்திலேயே பார்த்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவர்களிடம் விற்பனையாளர்கள் பெரும்பாலும் நீட்டுவது, கிருமியை வளர்த்து எண்ணிப் பார்க்க உதவும் பெட்ரிஃபிலிம் பிளேட்டைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வெட்டுகிற இடத்தின் சுத்தத்தை அன்றாடம் கண்காணிக்க, சிறிய கூடத்துக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான பொருள் அரிது. ஆனால் இந்தப் பிளேட் சுத்தமாக வந்ததை வைத்து "எங்கள் கறியில் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் பிளேட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

1984-இல் த்ரீஎம் நிறுவனம் கொண்டுவந்த பொருள் இது. 2022 செப்டம்பரில் அந்த உணவுப் பாதுகாப்புப் பிரிவே நியோஜென் நிறுவனத்தோடு இணைந்துவிட்டதால், இப்போது வரும் பெட்டிகளில் நியோஜென் பெயர் இருக்கும். பழைய பெயரில் யாராவது பெட்டி கொடுத்தால் காலாவதித் தேதியை இரண்டு முறை பாருங்கள். உள்ளங்கை அளவுக் கட்டம் போட்ட அட்டை, அதன்மேல் ஒளி புகும் ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். கிருமிக்கு வேண்டிய சத்து, நிறம் காட்டும் பொருள், குளிர்ந்த நீரிலேயே கரைந்து கூழாகும் பசை எல்லாம் உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கும். 1 மி.லி. மாதிரி நீரை விட்டால் அதுவே கிருமி வளர்க்கும் கல்சர் பிளேட் ஆகிவிடும். அகார் கூழ் காய்ச்ச வேண்டாம், ஊற்ற வேண்டாம், ஆறக் காத்திருக்க வேண்டாம்.

எல்லா வகையையும் வாங்கத் தேவையில்லை. கோழிக்கு முதலில் வேண்டியது, குடல் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை, அதை உள்ளடக்கிய கோலிஃபார்ம் கூட்டம் இரண்டையும் ஒன்றாகக் காட்டும் ஈ.சி. பிளேட். அடுத்தது மொத்தக் கிருமி எண்ணிக்கை காட்டும் ஏரோபிக் கவுண்ட் பிளேட். மசாலா தடவி, கையால் பிசைந்து பேக் செய்கிறவர்கள் ஸ்டாஃப் எக்ஸ்பிரஸையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் ஆள் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருவது. வெறும் கோலிஃபார்ம் பிளேட் ஈ.சி. இருக்கும்போது வீண் செலவு. ஈஸ்ட், பூஞ்சைப் பிளேட் பச்சைக் கறிக்கு வேண்டியதே இல்லை, பேக்கரிக்காரர் வாங்கட்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நெஞ்சுக்கறியின் நடுவிலிருந்து அழகாக ஒரு துண்டு வெட்டிப் போட்டால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் வரும். நல்ல கோழியின் தசைக்குள் கிருமி அனேகமாக இருக்காது. அது தோலிலும் வெட்டுப்பட்ட பரப்பிலும் உட்கூட்டிலும் இருக்கும். கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுத்தம் செய்யும்போது நீரெல்லாம் கழுத்துப் பக்கம் வடிவதால், கழுத்துத் தோல்தான் மிக அழுக்கான இடம். ஐரோப்பிய விதியில் 15 கோழியின் கழுத்துத் தோலை எடுத்து, மூன்று மூன்றாகச் சேர்த்து, 25 கிராம் வீதம் ஐந்து மாதிரி ஆக்குகிறார்கள். நம்மூரில் தோல் உரித்த கறிதான் அதிகம் போகிறது என்பதால், உரித்த கோழியாக இருந்தால் கழுத்துச் சதை, வால் பக்கம், உட்கூட்டு ஓரம் ஆகியவற்றிலிருந்து சுரண்டாமல் மெல்லியதாக வெட்டி எடுக்கலாம். எந்த இடத்தில் எடுத்தாலும், எப்போதும் அதே இடத்தில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடவே முடியாது.

25 கிராமைக் கிருமி நீக்கிய பையில் போட்டு 225 மி.லி. பஃபர்டு பெப்டோன் வாட்டர் என்ற நீர்மத்தை ஊற்றினால் அது 10-இல் ஒரு பங்கு டைல்யூஷன், அதாவது நீர்த்தல். பையைப் பிசையும் ஸ்டோமேக்கர் இயந்திரம் இருந்தால் ஒரு நிமிடம்; இல்லையென்றால் பையை வாய் கட்டி, இரண்டு நிமிடம் நன்றாகக் கையால் பிசையலாம். எலும்புச் சில் இருந்தால் பை கிழியும், ஆகவே தோலும் சதையும் மட்டும் போடுங்கள். உள்ளே வடிகட்டி வைத்த பை கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனென்றால் கோழிக் கொழுப்பு பிப்பெட் முனையை அடைத்துக்கொண்டால் 1 மி.லி. என்று நினைத்து முக்கால்தான் விடுவீர்கள். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. கிருமி நீக்கிய நீர்மத்தில் விட்டால் 100-இல் ஒரு பங்கு, அப்படியே அடுத்தடுத்து. பச்சைக் கோழிக்கு ஈ.சி. பிளேட்டில் 10, 100 ஆகிய இரண்டு டைல்யூஷனும், ஏரோபிக் கவுண்டில் 1,000, 10,000 ஆகிய இரண்டும் போட்டால் பெரும்பாலும் எண்ணக்கூடிய ஒரு பிளேட்டாவது கிடைக்கும். ஒவ்வொரு டைல்யூஷனுக்கும் புது முனை. பழைய முனையையே வைத்து இறங்கினால் முதல் பையின் கொழுப்பு கடைசிக் குழாய் வரை கூடவே வரும்.

நீர்மம் எது என்பதிலும் கவனம் வேண்டும். சிட்ரேட், பைசல்ஃபைட், தயோசல்ஃபேட் கலந்த எதையும் இந்தப் பிளேட்டில் விடக் கூடாது, அவை வளர்ச்சியைத் தடுக்கும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கோழியைக் குளிர்விக்கும் சில்லர் தொட்டியின் குளோரின் போட்ட தண்ணீரைச் சோதிக்கும்போது, குளோரினை முறிக்க எல்லாரும் வழக்கமாகச் சேர்ப்பது தயோசல்ஃபேட்தான். குடிநீர்ச் சோதனைக்கென்று விற்கும் பாட்டில்களிலும், மேசை துடைக்கும் ஸ்வாப்களின் சில வகையிலும் அது முன்பே கலந்திருக்கும். அதை வாங்கி வந்து பெட்ரிஃபிலிமில் விட்டால் பிளேட் பளிச்சென்று இருக்கும், கூடம் சுத்தம் என்று நம்பிவிடுவீர்கள். அதற்குப் பதில், கிருமிநாசினியை முறிக்கும் லெத்தீன் நீர்மத்தை, பைசல்ஃபைட் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். முறிக்காமலே விடுவதும் தவறு. கோழியில் ஒட்டி வரும் குளோரின் போன்ற கிருமிநாசினி மருந்து பைக்குள்ளும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். அமெரிக்க வேளாண் துறையே இந்தக் காரணத்துக்காகத்தான் 2016-இல், கோழி அலசும் நீர்மத்தை மருந்தை முறிக்கும் வகைக்கு மாற்றியது. நீர்த்த மாதிரியின் பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெறும் கறிக்குக் கவலையில்லை, ஆனால் எலுமிச்சை, தயிர் ஊறிய கறி என்றால் பார்த்தே ஆக வேண்டும்.

பிளேட்டில் விடுவது பார்க்கச் சுலபம், அதனால்தான் கெடுகிறது. மட்டமான மேசையில் வைத்து, மேல் படலத்தைத் தூக்கி, பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து நடுவில் 1 மி.லி. விட வேண்டும். இனிமேல்தான் இரண்டு பிளேட்டுக்கும் வித்தியாசம். ஈ.சி. பிளேட்டில் படலத்தை மெதுவாக உருட்டி இறக்க வேண்டும், பிறகு நீரைப் பரப்பும் பிளாஸ்டிக் அழுத்துவானின் தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து அழுத்த வேண்டும். ஏரோபிக் கவுண்டில் படலத்தை உருட்டாமல் அப்படியே விழவிட்டு, வளையம் உள்ள பக்கத்தைக் கீழே வைத்து அழுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் நீர் வட்டத்தைத் தாண்டி ஓடும். ஈ.சி.-யில் காற்றுக்குமிழ் சிக்கினால் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் அந்தப் பிளேட்டில் குமிழை வைத்துத்தான் தீர்ப்பே. அழுத்தும்போது அழுத்துவானைத் திருகவோ இழுக்கவோ கூடாது. ஒரு நிமிடம் அசையாமல் விட்டால் கூழ் இறுகிவிடும். பெட்டியோடு வரும் அழுத்துவானைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் தேய்க்கிறவர்களும் உண்டு. விரலால் தேய்த்தால் நீர் ஒரு பக்கம் ஒதுங்கும். காலனிகள், அதாவது கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள், அங்கேயே குவியும்.

இன்குபேட்டர்தான் நம் வட்டாரத்தில் பெரிய பிரச்சினை. ஈ.சி. பிளேட்டைக் கோழிக்கு 35 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஏரோபிக் கவுண்ட் 35 டிகிரியில் 48 மணி நேரம். சாதாரண பாக்டீரியா இன்குபேட்டரில் சூடேற்றி மட்டுமே உண்டு, குளிர்விக்கும் வசதி இல்லை. சித்திரை, வைகாசியில் தருமபுரியில் தகரக் கூரை அறை 37, 38 டிகிரியைத் தொடும்போது, அந்தப் பெட்டி 35-இல் நிற்கவே நிற்காது. முகப்பில் 35 என்று பொத்தானைத் திருப்பி வைத்திருப்பார்கள், உள்ளே 40 ஓடும். ஆகவே குளிர்விப்பும் உள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் வாங்குங்கள், அல்லது பெட்டியை ஏ.சி. அறையில் வையுங்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டு காலையும் மாலையும் எழுதி வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறந்து பார்க்கும் ஆசை வரும், திறக்காதீர்கள். பிளேட்டுகளைப் படலம் மேலே இருக்கும்படி, 20-க்கு மேல் அடுக்காமல் வையுங்கள்.

குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாள் வைத்து விற்கிற கறியின் ஆயுளைப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிரில் கறியைக் கெடுப்பது பெரும்பாலும் சூடோமோனாஸ் வகை. அவற்றில் பல 35 டிகிரியில் சரியாக வளராது. அந்தக் கணக்குக்கு ஏரோபிக் கவுண்டை 30 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பதுதான் சரி. 35-இல் வைத்துவிட்டு "எண்ணிக்கை குறைவு, ஆனால் நாற்றம் வருகிறது" என்று குழம்புவதில் அர்த்தமில்லை.

இனி படிப்பது. ஈ.சி. பிளேட்டில் நீலமாக அல்லது சிவப்பு கலந்த நீலமாக இருந்து, பக்கத்தில் காற்றுக்குமிழும் ஒட்டியிருந்தால் அது ஈ.கோலை. சிவப்பும் குமிழும் என்றால் மற்ற கோலிஃபார்ம். இரண்டையும் கூட்டினால் மொத்தக் கோலிஃபார்ம். குமிழ் காலனியின் விட்ட அளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும். குமிழ் இல்லாத நீலத்தை ஈ.கோலை என்று எண்ணக் கூடாது. கணக்குக்கு ஏற்றது 15 முதல் 150 காலனி உள்ள பிளேட். ஏரோபிக் கவுண்டில் 25 முதல் 250. 10 மடங்கு டைல்யூஷனில் 42 நீலம் என்றால் கிராமுக்கு 420. ஏரோபிக் கவுண்டில் 1,000 மடங்கில் 86 சிவப்புப் புள்ளி என்றால் கிராமுக்கு 86,000. ஒன்றுமே வராவிட்டால் "பூஜ்ஜியம்" என்று எழுதாதீர்கள். 10 மடங்கு டைல்யூஷனில் "10-க்குக் குறைவு" என்பதே சரியான பதிவு.

மிக அதிகமாக இருக்கும் பிளேட்டைச் சிலர் காலியென்று படிப்பார்கள். ஏரோபிக் கவுண்டில் தனிப் புள்ளி எதுவும் தெரியாமல் வட்டம் முழுக்க இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது எண்ண முடியாத அளவு. சில சமயம் நடுப்பகுதி நிறமே இல்லாமல் ஓரத்தில் மட்டும் புள்ளிகள் தெரியும், அதுவும் அப்படித்தான். ஈ.சி.-யில் முழுப் பரப்பும் நீலமோ கருஞ்சிவப்போ ஆகி, சின்னஞ்சிறு குமிழ்கள் மண்டியிருக்கும். கூழைக் கரைக்கும் கிருமி இருந்தால் காலனிகள் ஒன்றோடொன்று வழிந்து கலங்கும். அப்போது கரையாத கட்டங்களை மட்டும் எண்ணி, சராசரியை 20-ஆல் பெருக்கி மதிப்பிடலாம், ஏனென்றால் வட்டத்தின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர், அதாவது 20 கட்டம்.

எண்ணோடு நிற்காமல், எண் எங்கிருந்து வந்தது என்று தேடத் தெரிந்தால்தான் இந்தப் பணத்துக்குப் பலன். ஈ.கோலை மட்டும் ஏறியிருந்தால் குடல் கிழிந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். வெட்டுவதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பு தீவனத்தை நிறுத்த வேண்டும். லாரி நேரத்தைப் பார்த்து மூன்று மணி நேரத்துக்கு முன்தான் நிறுத்தினால் குடல் நிறைந்து, கத்தி பட்டதும் பிளக்கும். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டாலும் குடல் சுவர் மெலிந்து கிழியும், பித்தமும் கசியும். ஈ.கோலை அப்படியே இருந்து மொத்த எண்ணிக்கை மட்டும் ஏறினால், வெந்நீர் டிரம், சில்லர் தொட்டி, கறி வெட்டும் மரக்கட்டை என்ற வரிசையில் பாருங்கள். காலையில் ஊற்றிய வெந்நீரிலேயே கடைசிக் கோழி வரை முக்குகிற டிரம்மில், முதல் கோழியும் கடைசிக் கோழியும் ஒரே எண்ணிக்கையில் வந்தால் அதுதான் ஆச்சரியம். வெந்நீருக்கு முன், இறகு பிடுங்கும் இயந்திரத்துக்குப் பின், குடல் எடுத்த பின், சில்லருக்குப் பின் என்று நான்கு இடத்தில் ஒரே நாளில் மாதிரி எடுத்தால் எங்கே ஏறுகிறது என்று பிளேட்டே காட்டிக்கொடுக்கும். வெளி லேபுக்கு அனுப்பி இந்த வேலையைச் செய்ய யாரும் பணம் கட்ட மாட்டார்கள். பெட்ரிஃபிலிமின் உண்மையான மதிப்பு இங்கேதான்.

மேசை, கத்தி, ட்ரே சோதிக்கவும் பயன்படும். ஏரோபிக் கவுண்டில் 1 மி.லி. கிருமி நீக்கிய நீர்மம் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, படலத்தைத் தூக்கினால் கூழ் படலத்தோடு வரும். அதைப் பரப்பில் ஒற்றி எடுத்து மூடி இன்குபேட்டரில் வைக்கலாம். ஸ்டீல் மேசைக்கு அருமை. மரக்கட்டைக்கு ஒத்துவராது. வெட்டுக் காயத்துக்குள் இருப்பது கூழில் ஒட்டாது, அதனால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரும். கட்டையைச் சுரண்டி எடுத்த தூளைச் சோதிப்பதே மேல்.

சேமிப்பு விஷயத்தில் நம் ஊர் வெயில் எதிரி. திறக்காத உறையை 8 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கிழிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லையென்றால் உள்ளே நீர் வியர்த்து உலர்ந்த கூழைக் கெடுக்கும். திறந்த உறையின் வாயை மடித்து டேப் ஒட்டி, 25 டிகிரிக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கீழே வைத்து ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திறந்ததை மறுபடி சாதாரண குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. கோடையில் ஏ.சி. இல்லாத கூடத்தில் இந்த நிபந்தனை நடக்காத காரியம். அப்போது காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைக்கலாம், ஆனால் தானாகப் பனி கரைக்கும் வகை உறைபெட்டி கூடாது. பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ நிறம் மாறிய பிளேட்டைப் போட வேண்டாம். ஈ.சி. உறையில் 25 பிளேட் இருக்கும், வாரத்துக்கு நாலு மாதிரி பார்க்கிற கூடத்துக்கு ஒரு உறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்கும் குறைவாகப் பார்க்கிற கறிக்கடை இதை வாங்குவது காசைக் காலாவதியாக்கும் வேலை.

இனி ஆகாதது. சால்மொனெல்லா ஈ.சி. பிளேட்டில் வந்தாலும் அதிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சிதைக்காது. குமிழ் வராது, எண்ணிக்கையிலும் சேராது. கோழியில் வரும் இன்னொரு நோய்க்கிருமியான கேம்பைலோபாக்டருக்கு 5 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றும் 41.5 டிகிரியும் வேண்டும்; சாதாரணக் காற்றில் இந்தப் பிளேட்டில் அது வளரவே வளராது. ஈ.கோலையிலேயே ஆபத்தான ஓ157 வகை பெரும்பாலும் நீல நிறம் தராது, சாதாரணக் கோலிஃபார்ம் போல உட்கார்ந்திருக்கும். ஈ.கோலை குறைவு என்றால் சுத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் பண்ணையிலேயே சால்மொனெல்லா தொற்றிய கோழி மிகச் சுத்தமான கூடத்திலும் அதைச் சுமந்துகொண்டே வெளியே போகும்.

இதே வரிசையில் சால்மொனெல்லா எக்ஸ்பிரஸ் என்றொரு தொகுப்பும் உண்டு. மாதிரியை 41.5 டிகிரியில் ஊட்ட நீர்மத்தில் பெருக்கி, பச்சைக் கோழி என்றால் இரண்டாவது நீர்மத்திலும் பெருக்கி, பிறகு பிளேட்டில் கோடு இழுத்து, உறுதி செய்யும் வில்லையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். முறை நல்ல முறைதான். ஆனால் கறி வெட்டும் கூடத்துக்குள் இதைச் செய்யாதீர்கள். ஒரு பையில் ஒன்றிரண்டாக இருந்த சால்மொனெல்லாவைக் கோடிக்கணக்கில் நீங்களே வளர்க்கிறீர்கள். அந்தப் பை ஒரு முறை உடைந்தால், அடுத்த மாதம் வருகிற ஒவ்வொரு பாசிட்டிவும் கோழியிலிருந்து வந்ததா மேசையிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தனிக் கட்டடம், பயிற்சி பெற்ற ஆள், கழிவுக்கு ஆட்டோகிளேவ் இருந்தால் மட்டுமே அது சரிப்படும்.

ஆகவே சால்மொனெல்லாவுக்கு வெளி லேபே கதி. ஐ.எஸ்.ஓ. 6579 என்ற சர்வதேச முறையில் 25 கிராமை 225 மி.லி. பெப்டோன் வாட்டரில் 18 மணி நேரம், பிறகு 41.5 டிகிரியிலும் 37 டிகிரியிலும் இரண்டு தனித்தனி நீர்மத்தில் 24 மணி நேரம், பிறகு எக்ஸ்.எல்.டி. உள்பட இரண்டு அகாரில் 24 மணி நேரம் என்று போகும். கருப்பு நடுவோடு காலனி வந்தால் உயிர்வேதிச் சோதனையும் ஆன்டிசீரமும் உண்டு. இல்லை என்று சொல்லவே மூன்று, நான்கு நாள் ஆகும். மறுநாளே "சால்மொனெல்லா இல்லை" என்று இந்த முறையின் பெயரில் அறிக்கை தருகிறவரிடம் எந்த முறை என்று கேளுங்கள். அறிக்கையில் 25 கிராம் என்று எழுதியிருக்கிறதா, லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகார வரம்பில் கோழி இறைச்சியும் இந்த முறையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், என்.ஏ.பி.எல். இணையதளத்தில் எந்த லேபின் வரம்பையும் யாரும் பார்க்கலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அட்டவணையில் 'என்', 'சி' என்று வருபவற்றில், முதலாவது ஒரே தொகுதியிலிருந்து எடுக்க வேண்டிய மாதிரிகளின் எண்ணிக்கை, அடுத்தது அவற்றில் எத்தனை வரம்பு மீறலாம் என்பது. ஐந்து மாதிரி கேட்கும் இடத்தில் ஒரு பாக்கெட் மட்டும் அனுப்பிச் சான்று வாங்குவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் சுற்றி 0 முதல் 5 டிகிரிக்குள், 24 மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர்த்துவிடுங்கள். உடைத்த பனிக்கட்டியை நேராகக் கொட்டினால் உருகிய நீர் பைக்குள் போகும். கேம்பைலோபாக்டர் கேட்டிருந்தால் உறையவைத்து அனுப்பாதீர்கள், உறைபனியில் அதில் பெரும்பகுதி செத்துவிடும். ஆன்டிபயாடிக் எச்சம் பார்க்க வேண்டுமா என்று ஓட்டல்காரர் கேட்டால் அது முற்றிலும் வேறு சோதனை, வேறு இயந்திரம். பெட்ரிஃபிலிமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பயன்படுத்திய பிளேட்டைக் குப்பையில் போடக் கூடாது. 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். வீட்டு பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள், ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். அங்கே அதே விசிலுக்கு உள்ளே 118 டிகிரி அளவில்தான் வரும். கழிவுக்கு 45 நிமிடம் கொடுங்கள். அந்தக் குக்கர் சமையலுக்குத் திரும்பப் போகக் கூடாது. டைல்யூஷன் நீர்மத்தை அப்படிக் காய்ச்சுவதைவிட, கிருமி நீக்கி அடைத்த 9 மி.லி. குழாய்களை வாங்கிவிடுவது நிம்மதி.

விலையைப் பொறுத்தவரை, லேபில் அகார் ஊற்றிய ஒரு பிளேட்டைவிட இது கூடுதல்தான். ஆனால் ஊடகம், அதைக் காய்ச்ச ஆட்டோகிளேவ், தினமும் ஊற்ற ஓர் ஆள் என்று கணக்குப் போட்டால், நாளுக்குச் சில நூறு கோழி வெட்டும் கூடத்துக்கு இதுவே மலிவு. தெருமுனைக் கறிக்கடைக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்கு வெந்நீரை அடிக்கடி மாற்றி, மரக்கட்டைக்குப் பதில் சீவக்கூடிய பிளாஸ்டிக் பலகை போடலாம். வாங்குகிறவர்கள் முதல் ஆர்டரில் ஈ.சி. ஒரு பெட்டி, ஏரோபிக் கவுண்ட் ஒரு பெட்டி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு அழுத்துவான் என்று கேளுங்கள். குறைந்தது ஆறு மாதம் காலாவதி மீதியுள்ள பெட்டியாக, பயணத்திலும் குளிர்பெட்டியில் வந்ததாக இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.